முதுகில் ஒரு சமையல் விபத்து

ஜனவரி 4

உரக்கடை நாயுடு புது வருடத்துக்கு டைரி கொடுத்தார். வருடம் முழுக்க யூரியா வாங்கியவனுக்குச் செய்கிற மரியாதை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெரியவர்கள் சொன்ன பொன்மொழி ஒன்று அச்சடித்திருக்கிறது. அதைப் படித்துத் திருந்தும் வயதை நான் தாண்டி வெகுநாளாயிற்று. அந்த இடத்தில் சர்க்கரை அளவை எழுதிக்கொள்ளலாம்.

இன்று வெறும் வயிற்றில் 142.

ஜனவரி 11

முதுகுவலி தாங்கவில்லை. என் மனைவி பூங்காவனம் டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, எங்கள் பேத்தி வயது இருக்கும், எழுந்து நின்றுவிட்டார்.

“தாத்தா, முதுகுல ரெண்டு உலோகத் துண்டு இருக்குது. ஸ்கேன் மெஷின்ல படுத்தீங்கன்னா அது காந்தம், பிச்சுக்கினு வெளிய வந்துடும். இன்னா ஆச்சு உங்களுக்கு?”

“எழுபத்தொண்ணு சண்டைம்மா.”

“அப்பலேர்ந்து இருக்குதா?”

இருக்கிறது போலிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது. ஊரில் என் வீட்டுத் திண்ணையில் படுத்த நாயைக்கூட நான் அவ்வளவு நாள் விட்டதில்லை.

பூங்காவனம் பஸ்ஸில் சொன்னாள்: “முதுகு தேய்ச்சு வுடும்போதெல்லாம் கையில தட்டுப்படும். கொழுப்புக் கட்டின்னு நெனச்சேன்.” கல்யாணமான நாளாக என்னிடம் இருப்பது கொழுப்பு என்றுதான் அவள் எண்ணம்.

ஜனவரி 13

கதையை ஒருமுறை இங்கே எழுதிவைத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் கேட்கிறவர்கள் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள்.

பெயர் கன்னியப்பன். ஓய்வுபெற்ற நாயக். எங்கள் வெள்ளேரிப்பட்டில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர். ஒருவர் பாலத்தைக் காத்தார், ஒருவர் மலை உச்சியைக் காத்தார். நான் பருப்பு அடிப்பிடிக்காமல் காத்தேன். கம்பெனியின் சமையல்காரன்.

எழுபத்தொன்று டிசம்பர். ஜம்மு பக்கம். குழிக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சோறு சூடாகப் போக வேண்டும் என்பது எங்கள் மேஜரின் பிடிவாதம். நானும் இருசப்பன் அண்ணனும் சாம்பார் டேக்சாவை, பெரிய அலுமினியப் பாத்திரம், மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு கரும்புக் கொல்லை ஓரமாகப் போனோம். அண்ணன் எங்கள் ஊர்தான். கம்பெனியில் மசால்ச்சி, அதாவது பாத்திரம் துலக்குகிறவர், விறகு பிளக்கிறவர். நான் முன்னால், அவர் பின்னால், டேக்சா நடுவில். சூடு ஆறாமல் இருக்க டேக்சாவுக்குக் கம்பளி போர்த்தியிருந்தோம். எங்களுக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளி இல்லை.

பொழுது சாய்கிற நேரம். அண்ணன் பின்னாலிருந்து, “உப்பு கம்மியா போட்டுட்டியோ?” என்று கேட்டார். கிளம்பும்போது ஒரு கரண்டி ருசி பார்த்திருக்கிறார். நான் பதில் சொல்வதற்குள் ஷெல் விழுந்தது.

முதலுதவிக் கூடாரத்தில் அன்று இடமில்லாத கூட்டம். எங்கள் இருவரையும் கொண்டுபோய்ப் போட்டபோது இருவரும் தலையிலிருந்து கால்வரை சாம்பார். நான் மயக்கத்தில், அவர் பிணமாக. எழுதுகிறவன் பெருங்காயத்தை முகர்ந்தான், எங்கள் ஏப்ரனைப் பார்த்தான், ‘சமையல்கூட விபத்து, கொதிக்கும் திரவம்’ என்று இரண்டு பேருக்கும் ஒரே கையெழுத்தில் எழுதிவிட்டான். திருத்திச் சொல்ல வேண்டிய மேஜர் இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். நான் கண் விழித்துச் சொன்னதற்குச் சாட்சி இல்லை. குழியில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அன்று சாப்பாடு வரவில்லை என்பதுதான்.

ஆக, பாகிஸ்தானோடு நடந்த போரில் சாம்பாரால் தாக்கப்பட்ட இரண்டு பேர் நாங்கள். ஊரில் என் பெயர் சாம்பார்.

ஜனவரி 26

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். ஊர்த் தூணுக்கு மாலை. கருங்கல் தூண், ஊரிலிருந்து போய்ப் போரில் செத்தவர்களின் பெயர் வெட்டியது. முன்வரிசையில் துணி உறை போட்ட நாற்காலிகள், பதக்கம் வாங்கியவர்களுக்கு. இரண்டாம் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பென்ஷன் மட்டும் வாங்கியவர்களுக்கு. என்னுடையதில் ஒரு கால் விரிசல்.

முன்னாள் ராணுவத்தார் சங்கத் தலைவர் சுபேதார் மேஜர் தணிகாசலம், நெஞ்சில் பித்தளைக் கடையே தொங்க, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கன்னியப்பா, மத்தியானச் சாப்பாடு மேற்பார்வை நீதானே?”

“ஆமா சார். வேற எதுக்கு வந்தேன்?”

முடிவு செய்துவிட்டேன். காயப் பதக்கத்துக்கு மனு போடப்போகிறேன். எக்ஸ்ரே இருக்கிறது. உறை போட்ட நாற்காலியில் ஒருநாளாவது உட்கார்ந்துவிட்டுத்தான் சாவேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

பிப்ரவரி 9

மாவட்ட ஆபீஸ். நம்மைப் போன்ற முன்னாள்களுக்கென்றே வைத்திருப்பது. அங்கே கிளார்க் சேவியர், இவரும் முன்னாள் ஹவில்தார், எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது ஷெல் துண்டுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“முதுகுக்குள்ள வேற இன்னா சார் முளைக்கும்?”

“இல்ல நாயக். உங்க ரெக்கார்டுல சமையல்கூட விபத்துன்னு இருக்குது. இது பாத்திரத்தோட துண்டா இருந்தா?”

“டேக்சா தானா வெடிக்காது சார். சாம்பாருக்கு அவ்வளவு கோவம் வராது.”

சிரித்துவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் சிரிப்பதற்கென்று எந்தப் பத்தியும் விதியில் இல்லை. சாட்சி வேண்டும் என்றார். என் சாட்சிகளில் ஒருவர் மேஜர், இன்னொருவர் இருசப்பன். ஷெல்லைச் சுட்ட பாகிஸ்தான்காரன் உயிரோடு இருந்தால் அவனிடம் ஒரு கடிதம் வாங்கலாமா என்று கேட்டேன். அதற்கு வெளியுறவுத் துறை மூலம் போக வேண்டும் என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 10

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. கொல்லையில் மல்லாட்டைச் செடிக்குத் தண்ணீர் இல்லை. சர்க்கரை 160.

மார்ச் 3

கிழக்குத் தெரு வழியாகப் போனேன். பச்சையம்மாள் அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. அந்த வழியாகப் போனேன், அவ்வளவுதான். ஆட்டுக்குட்டி ஒன்று கால் நொண்டியது என்று கூப்பிட்டார்கள், உள்ளே போனேன்.

இருசப்பன் அண்ணனுக்கும் அவர்களுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் ஷெல் விழுந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் சாம்பார் வைத்ததில்லை. ரசம், காரக்குழம்பு, கீரை. ஊர்க்காரர்கள் மட்டும் தவறாமல் நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறார்கள். ரேஷன் கடையில், பால் சொசைட்டியில், எங்கே போனாலும் ‘சாம்பார்காரன் பொண்டாட்டி’. ஒரே ஊரில் மூன்று பச்சையம்மாள் இருப்பதால் அடையாளத்துக்காம்.

“இன்னா தம்பி, மனு போட்டிருக்கியாமே?”

“நாற்காலிக்கு அண்ணி. முன்வரிசையில உக்காரணும்.”

“உக்காரு உக்காரு,” என்றார்கள். ஆட்டுக்குட்டியின் காலில் முள். எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பூங்காவனம்: “டவுனுக்குப் போற பஸ்ஸு மேற்கால நிக்குது. நீ எப்பவும் கிழக்காலயே போறியே, இன்னா கணக்கு?”

ஏப்ரல் 18

மருத்துவக் குழுவிடமிருந்து கடிதம். ‘மேற்படி பொருள் சமையல் பாத்திரத்தின் பாகமாக இருக்கக்கூடும். சமையல் பாத்திரம் எதிரியின் ஆயுதமாகக் கருதப்பட இயலாது.’

என் மாமியார் சமைத்ததைச் சாப்பிட்டுப் பார்க்காதவர்கள் எழுதியது.

ஏப்ரல் 20

சேவியர் விளக்கினார். துண்டு இரும்பு என்றால் ஷெல். அலுமினியம் என்றால் டேக்சா. எக்ஸ்ரேயில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். வெளியே எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

“இந்த வயசுல கத்தி வெக்கணுமா நாயக்? ஒரு பதக்கத்துக்காக?”

அப்படியே கிளம்பியிருக்கலாம். போகிறபோக்கில் ஒன்று கேட்டு வைத்தேன். பொது அறிவுக்காக. “சார், எனக்கு ஷெல்லுதான்னு முடிவானா, அதே எடத்துல செத்தவரோட ரெக்கார்டு இன்னா ஆகும்?”

பேனாவைக் கீழே வைத்தார். “யாரு?”

“இருசப்பன்னு ஒருத்தர்.”

இன்னொரு பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். அண்ணி இரண்டு முறை மனு போட்டிருக்கிறார்கள். தொண்ணூற்றொன்றில் ஒன்று, இரண்டாயிரத்து எட்டில் ஒன்று. தன் புருஷன் பெயர் ஊர்த் தூணில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ‘ஆதாரம் இல்லை’. எங்கள் சங்கத்துக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ‘விபத்தில் இறந்தோர் பெயர் தூணில் இடம்பெறாது.’ கீழே தணிகாசலத்தின் கையெழுத்து, நல்ல அழகான கையெழுத்து.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த அம்மாள். நானும் கேட்டதில்லை.

சேவியர் சொன்னார்: “ஒரே நேரம், ஒரே எடம், ஒரே எழுத்து. ஒரு ஷெல்லுக்கு ரெண்டு கதை எழுத முடியாது நாயக். உங்களுது மாறினா அவருதும் மாறியே தீரணும்.”

நாற்காலிக்காகத்தான் ஆபரேஷன். டைரியில் பொய் எழுதக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மே 2

பூங்காவனம் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், சத்தத்தோடு போடுகிறாள்.

மே 5

இன்று பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

“சர்க்கரை இருக்குது, வயசு எழுபத்தி மூணு ஆவுது. பொத்துனு போய்ட்டீன்னா நான் இன்னா பண்ணுவேன்? அந்த நாற்காலிய கட்டிக்கினு அழுவட்டா?”

“துணி உறை போட்டிருக்கும்டி. அழ வசதியா இருக்கும்.”

சாணிக் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு, “அந்தம்மாவுக்காகத்தானே,” என்றாள்.

மாடு தண்ணீர் குடிக்கவில்லை என்று தொழுவத்துப் பக்கம் போய்விட்டேன். மாடு நன்றாகத்தான் குடித்திருந்தது.

ஜூன் 14

தணிகாசலம் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். சங்கத்தில் கூடிப் பேசினார்களாம். முதுகில் காயம் என்பதால் பெரியவர்களுக்குள் ஒரு தயக்கமாம்.

“மார்ல பட்டிருந்தா பேச்சே இல்ல கன்னியப்பா. முதுகுன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவான். பழைய காலத்துல முதுகுல பட்டா வடக்கப் பாத்து உக்காந்து உயிர வுட்டுடுவாங்க.”

“சார், முன்னால எங்காளுங்க பசியோட இருந்தாங்க. சோத்த எடுத்துக்கினு அவுங்க பக்கம் போனேன். குண்டு பின்னால வுழுந்தது. திரும்பி மாரக் காட்டணும்னா டேக்சாவ கீழ வெக்கணும். சாம்பார் கொட்டிடும்.”

டீக்கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டம்ளரை வைக்கப்போய் டீ சட்டையில் கொட்டியது. அதையும் விபத்து என்றுதான் எழுதுவார்கள்.

பி.கு.: எங்கள் வீட்டில் வடக்கே இருப்பது கக்கூஸ். அங்கே தினமும் உட்காருகிறேன். உயிர் போகவில்லை.

ஜூலை 6

பட்டணத்து மிலிட்டரி ஆஸ்பத்திரி. நாளை ஆபரேஷன். டாக்டர் ஒரு மேஜரம்மா, மலையாளம் கலந்த தமிழ். “பேடிக்காதே அப்பா, சின்னதாணு,” என்றார். எனக்குப் பயமில்லை என்றேன். ரத்தக் கொதிப்பு பார்க்கிற மெஷின் வேறு விதமாகச் சொன்னது.

பூங்காவனம் ஒரு பை கொண்டுவந்திருக்கிறாள். உள்ளே என்ன என்று காட்ட மாட்டேன் என்கிறாள்.

பயமாகத்தான் இருக்கிறது. துண்டு அலுமினியமாக இருந்துவிட்டால் அண்ணியிடம் போய் என்ன சொல்வது? உங்கள் புருஷன் சாம்பாரில்தான் செத்தார், அறுத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டேன் என்றா?

ஜூலை 9

குப்புறப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் நான் பொறுப்பில்லை.

நேற்று மேஜரம்மா ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே இரண்டு துண்டு. ஒன்று புளியங்கொட்டை அளவு, ஒன்று துவரம்பருப்பு அளவு. இரண்டும் கறுத்துப்போய் ஒரே மாதிரி இருந்தன. லேபுக்கு அனுப்பிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

“இன்னாத்துக்கு லேபு?” என்றாள் பூங்காவனம். பையைத் திறந்தாள். எங்கள் வீட்டு பீரோக் கதவில் ஒட்டியிருக்கும் திருப்பதி பெருமாள், காந்தம் வைத்த படம். அதைப் பேர்த்தெடுத்து, புடவையில் சுற்றி, ஐந்து மணிநேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கத்தி வைக்கக்கூடாது என்று ஒரு மாதம் சண்டை போட்டவள்.

மேஜரம்மா தட்டில் இரண்டையும் கொட்டினார். பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு பெருமாளைக் கிட்டே கொண்டுபோனாள். நான் தலையைத் தூக்கிப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம்.

புளியங்கொட்டை பெருமாளின் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. துவரம்பருப்பு அசையவில்லை. பெருமாள் பாகிஸ்தான் இரும்பைச் சேர்த்துக்கொண்டார், எங்கள் அலுமினியத்தைக் கைவிட்டார்.

ஷெல்லும் இருந்தது, டேக்சாவும் இருந்தது. எதிரியும் நம் சமையலும் சேர்ந்தே என் முதுகுக்குள் போயிருக்கிறார்கள். மேஜரம்மா சிரித்துக்கொண்டே அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: இரண்டு துண்டு, ஒன்று இரும்பு, ஷெல்லின் சிதறல்.

எனக்கு அழுகை வந்தது. குப்புறப் படுத்திருந்தது வசதியாகப் போயிற்று.

ஆகஸ்ட் 1

வீடு. தையல் ஆறிவிட்டது. பெருமாள் பீரோவுக்குத் திரும்பிவிட்டார். மல்லாட்டை பாதி காய்ந்துவிட்டது. அதற்கு எந்தப் பதக்கமும் கிடையாது.

செப்டம்பர் 12

மருத்துவக் குழு நேரில் வரச் சொன்னது. மூன்று பேர். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தடவிப் பார்த்தார்கள். மறுபடி ஒரு எக்ஸ்ரே.

“உலோகம் எதுவும் இல்லையே.”

“எடுத்தாச்சு சார். நீங்கதான் எடுத்துப் பாக்கணும்னீங்க. மேஜரம்மா எழுதினது ஃபைல்லயே இருக்குது.”

“இப்போது உடம்பில் உலோகம் இல்லை. தழும்பு புதிது, இந்த வருடத்தது.”

“அது உங்க ஆஸ்பத்திரி போட்டது சார். பழைய தழும்பு மேலயே வெட்டினாங்க.”

“அதாவது பழைய தழும்பு இல்லை.”

“இல்ல சார்.”

எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொள்கிறேன்: காயத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று காயத்தை எடுத்தார்கள், எடுத்ததால் காயம் இல்லை. எழுபத்தொன்றில் பாகிஸ்தான் செய்யத் தவறியதை எங்கள் ஆட்களே நேர்த்தியாக முடித்துவிட்டார்கள். இப்போது என் உடம்பில் இருக்கும் ஒரே போர்க்காயம் நம் ராணுவம் போட்டதுதான்.

பஸ்ஸில் பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் பஸ்ஸில், பகலில். யாராவது பார்த்திருப்பார்கள்.

செப்டம்பர் 13

எழுத ஒன்றும் இல்லை. கோபமாக இருக்கிறேன்.

நவம்பர் 21

சேவியர் போன் செய்தார். உடனே வரச் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மேஜையில் இரண்டு கடிதம். முதலாவது எனக்கு. ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ பழைய தழும்பின் புகைப்படம் இருந்தால் அனுப்பவும். கல்யாணப் போட்டோவில் நான் சட்டை போட்டிருந்தேன், தவறுதான்.

இரண்டாவது அண்ணிக்கு. மேஜரம்மாவின் அறிக்கைப்படி அந்த இடத்தில் ஷெல் வெடித்தது உறுதி. சமையல்கூட விபத்து என்ற பதிவு நீக்கப்படுகிறது. மசால்ச்சி இருசப்பன், எதிரியின் பீரங்கித் தாக்குதலில் வீரமரணம்.

“அதே ஷெல்லுதான், அவருக்கு மட்டும் வெடிச்சிருக்குது,” என்றார் சேவியர். வெட்கப்பட்டார், பாவம். “உங்களுதுக்கு நான் இன்னொரு தடவை எழுதறேன் நாயக்.”

“எழுதுங்க சார். எனக்கு அவசரமில்ல. நாற்காலி எங்க போவப்போவுது?”

மேற்கே நிற்கிற பஸ்ஸில் வந்து இறங்கி, கிழக்குத் தெரு வழியாகப் போனேன். இந்த முறை அந்த வழியாகப் போகவில்லை, அந்த வீட்டுக்குத்தான் போனேன். அண்ணிக்குப் படிக்கத் தெரியும். மெதுவாக, வாய்விட்டுப் படித்தார்கள். ‘எதிரியின்’ என்ற இடத்தில் நின்று, மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தார்கள். பிறகு கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 12

கல் தச்சன் வந்திருக்கிறான். தூணில் பெயர் வெட்ட இடம் இல்லை என்று தணிகாசலம் சொன்னார். இருந்தது. அவர் அப்பாவின் நினைவாக அவர் வைத்த ‘உபயம்’ பலகைக்குக் கீழே. பலகையைக் கொஞ்சம் தூக்கிப் பொருத்த வேண்டியிருந்தது. நானே ஸ்பானர் கொண்டுபோனேன்.

டிசம்பர் 16

வெற்றி நாள். எல்லா வருடமும் போல முன்வரிசை நாற்காலிகளுக்குத் துணி உறை. ஒன்று புதிது. அதில் பச்சையம்மாள் அண்ணியை உட்கார வைத்தார்கள். நான் இரண்டாம் வரிசையில், விரிசல் விட்ட என் பழைய நாற்காலியில். எங்களுக்குள் பழக்கம் ஆகிவிட்டது.

தணிகாசலம் மைக்கைப் பிடித்துத் தூணின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் குரல் ஒரு பங்கு ஏறும், அவருக்கு அது கைவந்த கலை. கடைசிப் பெயருக்கு வந்தபோது குரல் இறங்கியது. இருமினார். ‘இருசப்பன்’ என்று வாய்க்குள்ளே முனகிவிட்டுக் காகிதத்தை மடித்தார்.

அண்ணி எழுந்து நின்றார்கள்.

“சத்தமா படிங்க.”

“படிச்சிட்டேம்மா.”

“கேக்கல. அம்பது வருசமா சாம்பார்காரன் பொண்டாட்டின்னு தெருவுக்கே கேக்கற மாதிரிதானே கூப்பிட்டீங்க? அந்த சத்தத்துல படிங்க.”

தணிகாசலம் காகிதத்தைப் பிரித்தார். அவசரத்தில் தலைகீழாகப் பிடித்துத் திருப்பினார். பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும். அட்டென்ஷனில் நின்று, பரேட் மைதானத்துக் குரலில் படித்தார்: “மசால்ச்சி இருசப்பன்! எதிரியின் பீரங்கித் தாக்குதலில் வீரமரணம்!” புளியமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. பிறகு அவர் அண்ணியைப் பார்த்து சல்யூட் அடித்தார். யாரும் சொல்லாமல் அடித்தார். அதையும் எழுதிவைக்கிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

அண்ணி உட்காருவதற்கு முன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் நாற்காலியின் விரிசலைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 17

மத்தியானம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் மூடி போட்ட தூக்கு. பூங்காவனம் திறந்து பார்த்துவிட்டு இலை போட்டாள்.

சாம்பார். முருங்கைக்காயும் கத்திரிக்காயும் போட்டது. பருப்பு சரியாக வேகவில்லை. பெருங்காயம் தூக்கல். ஐம்பது வருடமாகக் கை தொடாத சமையல், வேறு எப்படி இருக்கும்?

நான் பிசைந்து ஒரு வாய் வைத்ததும், எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள்:

“உப்பு கம்மியா போட்டுட்டனோ, தம்பி?”

எனக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்தேன். பூங்காவனம் முதுகைத் தடவிவிட்டாள். இப்போது அங்கே கையில் எதுவும் தட்டுப்படுவதில்லை.

“இல்ல அண்ணி. சரியா இருக்குது,” என்றேன்.

பொய். கம்மிதான். இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டேன்.